இந்தியாவுக்கே வராத நைட்டிங்கேல், நம்ம ஊர் சுகாதாரப் பதிவேட்டுக்கு விட்டுச்சென்ற பாடம் என்ன?

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் போரூர், ஐயப்பன்தாங்கல் தாண்டினால் காட்டுப்பாக்கம். தலைக்கு மேலே மெட்ரோ பாதை, கீழே எப்போதும் குறையாத நெரிசல். இந்தப் பகுதியில் ஒரு பெண் கருவுற்றால், கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக அவருடைய பெயர் ‘பிக்மி’ என்ற அரசின் இணையப் பதிவேட்டில் ஏறும். 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். பரிசோதனை, தடுப்பூசி, பிரசவம், கடைசியில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கூடவே வரும்.

இதே சாலை, 160 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு ராணுவ முகாம்களை இணைக்கும் பாதையாக இருந்தது. ஒரு முனையில் பரங்கிமலை, மறுமுனையில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கியிருந்த பூந்தமல்லி. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்து ராணுவ முகாம்களுக்கு லண்டனிலிருந்து ஒரு கேள்விப் படிவம் வந்தது. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அது கேட்டது.

அந்தக் கேள்விகளைத் தயாரித்ததில் முக்கியப் பங்கு ஒரு பெண்ணுக்கு. அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. பல ஆண்டுகள் படுக்கை அறையைவிட்டே அதிகம் வெளியே வராதவர். நம் பள்ளிப் பாடங்களில் ‘கைவிளக்கு ஏந்திய காரிகை’ என்று படித்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்தான் அவர்.

விளக்கோடு நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். சுகாதாரத் தகவலைத் திரட்ட அவர் 50 ஆண்டுகள் பட்ட பாடும், அதில் ஜெயித்ததும் தோற்றதும் அவ்வளவாகத் தெரியாது. கைபேசிச் செயலியும் இணையப் பதிவேடும் வந்துவிட்ட இந்தக் காலத்துக்கும் அந்தக் கதை அப்படியே பொருந்துகிறது.

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். இங்கிலாந்தின் வசதியான குடும்பம். அப்பாவே மகள்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஃபிளாரன்ஸுக்குக் கணக்கு என்றால் உயிர். சின்ன வயதிலேயே எதையும் எண்ணி, பட்டியல் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தது.

செவிலியர் ஆகப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு. அன்றைக்கு அது மரியாதையான குடும்பத்துப் பெண்கள் செய்கிற வேலையாகக் கருதப்படவில்லை. கல்யாணம் பேசினார்கள். அவர் மறுத்தார். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் 3 மாதம் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய பெண்கள் மருத்துவமனையை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டே போர் வந்தது.

ஸ்குடாரியில் என்ன நடந்தது?

ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் காயம்பட்ட, நோயுற்ற பிரிட்டிஷ் வீரர்களை, இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்குடாரிக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1854 நவம்பரில் 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்கே போய்ச் சேர்ந்தார். ராணுவக் குடியிருப்பு ஒன்றைத்தான் மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. காற்றோட்டம் இல்லை. துணி, சோப்பு, உணவு எதுவும் போதவில்லை.

அவர் சமையலறையைச் சீர்செய்தார், துணி துவைக்க ஏற்பாடு செய்தார், இரவில் வார்டு வார்டாகச் சுற்றி வந்தார். இருந்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் 100-க்கு சுமார் 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சரிசெய்தது. ஜூன் மாதத்துக்குள் அந்த எண்ணிக்கை 2 அளவுக்கு இறங்கியது.

அங்கே அவரைக் குடைந்த இன்னொரு விஷயம், பதிவேடு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கே ஒரு அலுவலகத்தில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு. ஒரு மனிதர் செத்துப்போனார் என்பதையே ஒழுங்காக எழுதிவைக்காத இடத்தில், அவர் ஏன் செத்தார் என்று யார் கண்டுபிடிப்பது?

1856-ல் நாடு திரும்பினார். புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபார் உடன் உட்கார்ந்து கணக்குகளை அலசினார். போர்க்காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம் என்பது தெரிந்தது. தான் பணியாற்றிய மருத்துவமனையின் அழுக்கு எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதன் முழு அளவு அவருக்குப் புரிந்ததே அப்போதுதான் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சேவை செய்தவருக்கே கண்ணில் படாதது, கணக்குப் பார்த்தபோது பட்டது.

பட்டியலை ஏன் படமாக்கினார்?

உண்மை கையில் இருந்தது. ஆனா அதை யார் படிப்பார்கள்? அமைச்சர்களும் தளபதிகளும் பக்கம் பக்கமான எண் பட்டியலைப் புரட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அதனால் 1858-ல் ஒரு வட்டப்படம் வரைந்தார். ஆண்டின் 12 மாதங்களுக்கு 12 துண்டுகள். துண்டின் பரப்பு பெரிதாக இருந்தால் அந்த மாதம் சாவு அதிகம். தடுக்கக்கூடிய நோய்ச் சாவுக்கு நீலம், காயத்தால் வந்த சாவுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க ஒரு நொடி போதும்.

அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ராணுவக் குடியிருப்புகளைச் சீர்செய்யும் வேலைகளும் தொடங்கின. சமாதான காலத்தில் தாய்நாட்டிலேயே இருக்கும் இளம் சிப்பாய்கள், அதே வயதுள்ள பொதுமக்களைப்போல சுமார் 2 மடங்கு அதிகமாகச் செத்துக்கொண்டிருந்த நிலையை அவர் அம்பலப்படுத்தியதன் விளைவு அது.

தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்த வேண்டியவருக்குப் புரிகிற வடிவில் போய்ச் சேர வேண்டும். இது அவர் கற்ற முதல் பாடம். இதில் அவர் ஜெயித்தார்.

மருத்துவமனைப் படிவம் ஏன் தோற்றது?

அடுத்த முயற்சி வேறு மாதிரி முடிந்தது.

அன்று ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குப் பிடித்த மாதிரி கணக்கு எழுதியது. ஒரு இடத்தில் நோயின் பெயர் ஒன்று, அடுத்த இடத்தில் வேறு. எந்த மருத்துவமனையில் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று ஒப்பிடவே வழியில்லை. நைட்டிங்கேல் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவங்களைத் தயாரித்தார். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாடு அந்தத் திட்டத்தை வரவேற்றது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில அந்த முறையில் கணக்கு எழுதி வெளியிடவும் செய்தன. ஆனால் சில ஆண்டுகளிலேயே திட்டம் படுத்துவிட்டது. படிவங்களை நிரப்ப நேரமும் பணமும் அதிகம் தேவைப்பட்டன. நோய்களை எப்படி வகைப்படுத்துவது என்பதிலும் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எழுதுகிறவருக்கு வேலை கூடியது. அதனால் அவருக்கோ அவருடைய நோயாளிக்கோ அன்றைக்கு என்ன லாபம் என்பது தெரியவில்லை.

1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டின் நிலை, வீட்டில் உள்ள நோயாளிகள் பற்றிய கேள்விகளைச் சேர்க்கச் சொன்னார். அரசு ஏற்கவில்லை.

மேலே இருப்பவர்கள் கைதட்டிவிட்டால் கீழே இருப்பவர்கள் நிரப்பிவிடுவார்கள் என்பது கிடையாது. இது இரண்டாவது பாடம்.

இந்தியாவுக்கு வந்த கேள்விகள்

1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் எண்ணிக்கை கூடியது. அவர்கள் இங்கே எப்படிச் சாகிறார்கள் என்று விசாரிக்க 1859-ல் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அதை அமைக்க விடாமல் அரசை நச்சரித்தவர்களில் முதல் ஆள் நைட்டிங்கேல். பெண் என்பதால் அவர் உறுப்பினராக முடியாது. ஆனா மூளையாகச் செயல்பட்டவர் அவரே.

லண்டனில் கிடைத்த ஆவணங்கள் போதவில்லை. அதனால்தான் அந்தக் கேள்விப் படிவம் இந்தியாவின் மூன்று மாகாணங்களுக்கும் கப்பலேறியது. வங்காளம், பம்பாய், சென்னை என்று எல்லா இடத்து முகாம்களிலிருந்தும் பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. படுக்கையில் இருந்தபடியே, மருத்துவர் ஜான் சதர்லாந்து போன்றவர்களின் துணையோடு, அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார்.

வந்த பதில்கள் அதிர்ச்சியாக இருந்தன. பல முகாம்களில் வடிகால் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தண்ணீர் சுத்தமா என்று பார்க்கப் பெரும்பாலும் நாக்கும் மூக்கும்தான் கருவி. குளிக்க வசதி குறைவு, குடிக்கச் சாராயம் தாராளம். 1,000 பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் வெயில்தான் வெள்ளைக்காரர்களைக் கொல்கிறது என்று அதுவரை நம்பினார்கள். வெயிலின் மேல் பழி போட்டது போதும், அசுத்தத்தைப் பாருங்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

1863-ல் கமிஷன் அறிக்கை வந்தது. இரண்டு பெரிய தொகுதிகள், சேர்த்து 2,000 பக்கத்துக்கு மேல். அதை யார் தூக்கிப் படிப்பது? பரவலாக வினியோகிக்க ஒரு சுருக்கப் பதிப்பு தயாரானது. அதில் முகாம்களின் பதில்களும் இல்லை, அவற்றின் மீது நைட்டிங்கேல் எழுதிய குறிப்புகளும் இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. தன் குறிப்புகளைப் படங்களோடு தனி நூலாக அச்சிட்டு, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சேர்ப்பித்தார்.

என்ன மாறியது, யாருக்கு மாறியது?

1864-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. வைஸ்ராயாக வந்த ஜான் லாரன்ஸ், இந்தியாவுக்குக் கிளம்பும் முன் நைட்டிங்கேலைச் சந்தித்துவிட்டே வந்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க் காலத்திலிருந்தே அவருக்குப் பழக்கம். கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. குடியிருப்புகள், தண்ணீர், வடிகால் எல்லாம் மெதுவாகச் சீராயின. இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் சாவு 1,000-க்கு 69-லிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது என்று 1873-ல் வாசிக்கப்பட்ட தன் கட்டுரையில் அவர் கணக்குக் காட்டினார்.

பெரிய வெற்றிதான். ஆனா முகாமின் எல்லை முடிகிற இடத்தில் அந்த வெற்றியும் முடிந்தது.

காட்டுப்பாக்கம் மாதிரி, இரண்டு முகாம்களுக்கு நடுவே இருந்த கிராமங்களை யோசித்துப் பாருங்கள். படிவம் சிப்பாயின் நலனுக்காகப் போடப்பட்டது. பக்கத்துக் கடைத்தெருவும் குடிசைகளும் அதில் வந்தது, அங்கிருந்து நோய் முகாமுக்குள் வந்துவிடுமோ என்ற கவலையால். ஊர்க்காரரிடம் நேரடியாக யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கிராமங்களிலும் பிறப்பு, இறப்புக் கணக்கு எழுத ஏற்பாடானது. எழுதியவர்கள் வரி, நிலக்கணக்குப் பார்க்கிற கிராம அலுவலர்கள். மருத்துவம் தெரியாது. எதில் செத்தாலும் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற கட்டத்தில் விழுந்தது. பிள்ளை பிறந்ததைச் சொன்னால் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? எதுவும் இல்லை. அதனால் பல பிறப்புகள் பதிவுக்கே வரவில்லை. லண்டனில் மருத்துவமனைப் படிவத்துக்கு வந்த அதே நோய்தான், இன்னும் பெரிய அளவில்.

பஞ்சம் சொன்ன சேதி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பேசப்படுவது அதுதான். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த கூலி, உயிர்வாழவே போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். செலவைக் குறைக்க வந்திருந்த ரிச்சர்ட் டெம்பிளோடு அவர் போட்ட சண்டை பிரபலம். ஆணையரிடம் உடல் எடைக் கணக்கும் சாவுக் கணக்கும் இருந்தன. கஜானா சாவி வேறொருவரிடம் இருந்தது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள்.

இந்தப் பஞ்சம் நைட்டிங்கேலை உலுக்கிவிட்டது. 1878-ல் இந்திய மக்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். விவசாயியின் கடன், நிலம், நீர்ப்பாசனம் எல்லாம் அதில் வந்தன. கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசன யோசனைகளை ஆதரித்தார். சிப்பாயின் உடல்நலத்தில் தொடங்கியவர், உழவரின் வயிற்றுப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். ரிப்பன் பிரபு உள்ளாட்சிச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அதையும் முழு மனதோடு வரவேற்றார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதை ஏற்க நெடுங்காலம் மறுத்தார். கிருமிக் கொள்கைக்கு மெதுவாகத்தான் வந்தார். பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவைத் திருத்தும் என்ற நம்பிக்கையும் அவரிடம் வெகுகாலம் இருந்தது. உத்தரவு போட்டால் ஊர் மாறிவிடும் என்ற எண்ணம் அதன் ஒரு பகுதி. அந்த எண்ணம்தான் வயதான காலத்தில் மாறியது.

கிராமத்துக்கு யார் போய்ச் சொல்வது?

70 வயதைத் தாண்டிய பிறகு அவர் எழுதியவை, இந்த விஷயத்தில் மிக முக்கியமானவை. புணேயின் சார்வஜனிக் சபை போன்ற இந்திய அமைப்புகளோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கிராமத்துச் சுகாதாரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1894-ல் புடாபெஸ்ட் நகரில் நடந்த சர்வதேசச் சுகாதார மாநாட்டுக்குப் போனது.

அதற்கு முன்பே, 1892-ல், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. படித்த பெண்களுக்கு ஒரு மருத்துவர் சுகாதாரப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் கிராமத்துத் தாய்மார்களின் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து பேச வேண்டும். தேர்விலும், பாடத்தை ஒப்பிப்பதைவிட ஒரு சாதாரணத் தாய்க்குப் புரியும்படி பேச வருகிறதா என்பதே பார்க்கப்பட்டது. இதற்குப் பின்னணியில் இருந்தவர் நைட்டிங்கேல்.

இதே யோசனையை அவர் இந்தியக் கிராமங்களுக்கும் சொன்னார். ஊர் பாஷை தெரிந்தவர் போக வேண்டும். மேடை போட்டுச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுத் திரும்பக் கூடாது. ஊர்க்காரர்களோடு தெருவையும் குளத்தையும் சுற்றிப் பார்த்து, அவர்கள் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும். தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் படவிளக்குக் கருவியால் திரையில் பெரிதாக்கிக் காட்டலாம் என்றும் பேசப்பட்டது. பெண்களிடம் பெண்கள்தான் பேச வேண்டும். கிராமத்தில் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதியை முதலில் அந்தக் கிராமத்தின் சுகாதாரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்றும் மனுப் போட்டார்.

அரசு பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டது. திட்டம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. ஆனால் 1859-ல் கேள்விப் படிவம் தயாரித்தவர், 30 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கேள்வியைக் கையில் வைத்திருந்தார். ஊரைப் பற்றி நமக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டவர், ஊருக்கு இதனால் என்ன தெரிந்தது என்று கேட்க ஆரம்பித்தார். இது மூன்றாவது பாடம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

புதிய கருவியையோ பழக்கத்தையோ மக்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது 20-ம் நூற்றாண்டில் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ். புதுமைகள் சமூகத்தில் எப்படிப் பரவுகின்றன என்ற அவருடைய நூல் 1962-ல் வந்தது.

அதில் ஒரு தோல்விக் கதை பிரபலம். பெரு நாட்டில் லாஸ் மொலினோஸ் என்ற கிராமம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சுகாதாரப் பணியாளர் ஒருவர் 2 ஆண்டுகள் வீடு வீடாகச் சொன்னார். சுமார் 200 குடும்பங்களில் புதிதாகக் காய்ச்சத் தொடங்கியவை 11 மட்டுமே. காரணம் முட்டாள்தனம் இல்லை. அந்த ஊர் வழக்கத்தில் காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நல்லா இருக்கிறவர் ஏன் அதைக் குடிக்கணும்? உடம்பு சரியில்லை என்றால் வெந்நீர் வைத்துக் கொடுக்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. அதோடு, அந்தப் பணியாளர் ஊரில் மதிப்புள்ளவர்களை விட்டுவிட்டு, ஊரோடு ஒட்டாதவர்களிடமே அதிகம் பழகினார். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் மாறவில்லை.

கணினி வந்த பிறகு, 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் ஒரு எளிய மாதிரியை முன்வைத்தார். ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பதை முக்கியமாக இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன. இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துவது சுலபமா? மருத்துவமனைக் கணினி முதல் கைபேசிச் செயலி வரை ஏராளமான ஆய்வுகள் இந்த மாதிரியை வைத்து நடந்திருக்கின்றன.

இரண்டு கேள்விகளையும் நைட்டிங்கேலின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். வட்டப்படம் அமைச்சருக்கு உதவியது, பார்ப்பதற்கும் சுலபம்; அது ஜெயித்தது. மருத்துவமனைப் படிவம் நிரப்புகிறவருக்கு உதவவும் இல்லை, சுலபமாகவும் இல்லை, அது தோற்றது.

இன்றைக்கு நமக்கு என்ன?

இன்று கருவிகள் மாறிவிட்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே பெண் தன்னார்வலர்கள் மாத்திரையோடு போகிறார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் இணையத்தில் பதிவாகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய அளவில் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு 14 இலக்க ‘ஆபா’ எண் கொடுக்கப்படுகிறது.

பழைய பிரச்சினைகள் மாறிவிட்டனவா? நாட்டின் பல பகுதிகளில் கிராமச் செவிலியர்கள் ஒரே விவரத்தை நோட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த நேரம் நோயாளியிடம் பேச வேண்டிய நேரத்திலிருந்துதான் போகிறது. 2021-ல் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கு கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, முதலில் ‘கோவின்’ தளத்தில் முன்பதிவு கட்டாயம். ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. அந்த மே மாதமே அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்ய அனுமதிக்கும்படி விதி தளர்ந்தது.

ஆர்.சி.எச். எண் பரவலானதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் என்ற பலன் குடும்பத்துக்கு நேரடியாகத் தெரிகிறது. 19-ம் நூற்றாண்டுக் கிராமப் பதிவேட்டில் இல்லாதது அதுதான். ஆனால் எண் வாங்கினால் வேலை முடிஞ்சுதா என்றால் இல்லை. அந்தப் பதிவேட்டில் ஒரு தாயின் ரத்தச்சோகை எழுதப்பட்டிருக்கிறது என்றால், அது என்ன, அதற்கு என்ன சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அவருக்கு அவர் பாஷையில் யாராவது சொன்னார்களா என்பதில்தான் அந்தத் தகவலின் பலன் இருக்கிறது.

நைட்டிங்கேலுக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை போனது. வாழ்நாளெல்லாம் பட்டியல்களைப் படித்தவரால் எதையும் படிக்க முடியாமல் ஆனது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் 90-வது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டு, ஈஸ்ட் வெல்லோ கிராமத்தில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

அவர் பிறந்த மே 12, ஆண்டுதோறும் உலகச் செவிலியர் நாள். அன்று மருத்துவமனைகளில் விளக்கேற்றுவார்கள். மறுநாள் காலையில் பூந்தமல்லி சாலையின் ஏதோ ஒரு கிளைத் தெருவில், ஒரு சுகாதாரச் செவிலியர் வழக்கம்போல ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார். கையில் பதிவேடு இருக்கும். அதை நிரப்பிவிட்டு உடனே கிளம்பாமல், அந்தத் தாயோடு இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்கிறதா? நைட்டிங்கேல் தன் கடைசி ஆண்டுகளில் அரசிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.